இருக்கும் சொல் ஏன் கிடைப்பதில்லை? தேடல் மென்பொருளில் சொல்லடைவுக் கோளாறுகள்

ஒரு நூலகத்தின் கணினிப் பட்டியலில் ‘பொங்கல்’ என்று தேடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு நூல்கள் வருகின்றன. பதின்மூன்றாவது நூல் ஒன்று இருப்பது நூலகருக்குத் தெரியும், ஏனெனில் அதன் பதிவெண்ணைக் கொடுத்தால் அந்தப் பதிவு திரையில் வந்து நிற்கிறது, தலைப்பிலும் ‘பொங்கல்’ என்ற சொல் தெளிவாகவே தெரிகிறது. ஆனால் சொல்லைக் கொடுத்துத் தேடினால் மட்டும் அது வருவதில்லை. மென்பொருள் பிழைச்செய்தி எதையும் காட்டாமல், பன்னிரண்டோடு தன் வேலை முடிந்தது என்று நின்றுவிடுகிறது.

இத்தகைய நேரத்தில் பெரும்பாலான நிர்வாகிகள் முதலில் செய்வது இண்டெக்ஸை அழித்துவிட்டு மறுபடி கட்டுவதுதான். சில வேளைகளில் அது பலிக்கும். பல வேளைகளில் அதே பன்னிரண்டு நூல்களே திரும்ப வரும், அல்லது சிக்கல் தீர்ந்ததுபோல் தோன்றிச் சில வாரங்களில் வேறொரு பதிவில் தலைகாட்டும். மறுகட்டமைப்பைக் கடைசிப் படியாகவே வைக்க வேண்டும் என்பது என் கருத்து. பழைய இண்டெக்ஸ் கோளாறின் ஒரே சாட்சி, அதை அழித்தபின் என்ன நடந்தது என்று கேட்பதற்கு எதுவும் மிஞ்சாது. கேட்க வேண்டிய கேள்விகளும் அவற்றைக் கேட்கும் முறையும் தெரிந்தால், மறுகட்டமைப்பு தேவையா, தேவையென்றால் எந்த மாற்றத்தோடு செய்ய வேண்டும் என்பது தானாகவே விளங்கிவிடும்.

முதலில் இண்டெக்ஸ் என்பது என்ன என்று பார்க்கலாம். சங்க இலக்கியப் பதிப்புகளின் பின்பக்கங்களில் சொல்லடைவு இருக்கும். ஒவ்வொரு சொல்லும் அகரவரிசையில் நிற்க, அது எந்தெந்தப் பாட்டில், எந்தெந்த அடியில் வருகிறது என்ற எண்கள் அதன் எதிரே இருக்கும். தேடல் மென்பொருள் வைத்திருப்பதும் இதே அமைப்புதான். பதிவு உள்ளே வரும்போது அதன் வாசகம் சொற்களாக வெட்டப்படுகிறது, ஒவ்வொரு சொல்லின் கீழும் அந்தப் பதிவின் எண் எழுதப்படுகிறது. பிறகு ஒருவர் தேடும்போது மென்பொருள் நூல்களைப் புரட்டுவதில்லை, அடைவை மட்டும் பார்க்கிறது. ஆகவே நூலில் இருந்தும் அடைவில் இல்லாத சொல், தேடுபவரைப் பொறுத்தவரை இல்லாத சொல்லே. தரவுத்தளங்கள் இதனோடு பி-ட்ரீ எனப்படும் இன்னொரு வகை இண்டெக்ஸையும் வைத்திருக்கின்றன. அது முழு மதிப்பையும் வரிசைப்படுத்தி வைத்து, அகராதியில் நடுப்பக்கத்தைத் திறந்து முன்னும் பின்னும் நகர்வதுபோல் தேடுவது. இரண்டும் பழுதாகும் விதம் வேறு என்பதால், எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதில் தெளிவு வேண்டும்.

சொல்லடைவில் ஒரு நுட்பம் இருக்கிறது. வெட்டும் வேலை இருமுறை நடக்கிறது. பதிவு உள்ளே வரும்போது ஒருமுறை, பயனர் தேடல் பெட்டியில் தட்டும்போது இன்னொருமுறை. இந்த இரண்டு வெட்டுகளும் ஒரே சொல்லை ஒரே வடிவில் தர வேண்டும். தேடல் கோளாறு என்று நாம் சொல்வதில் மிகப் பெரும்பகுதி, எழுதும் நேரத்து வெட்டும் கேட்கும் நேரத்து வெட்டும் ஒத்துப்போகாததே. ஆகவே கோளாறு பார்ப்பவர் செய்ய வேண்டிய முதல் வேலை, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. அதற்கான கருவிகள் எல்லா மென்பொருளிலும் உண்டு. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் டிஎஸ்-டீபக் என்ற செயற்கூறுக்கு ஒரு வாசகத்தைக் கொடுத்தால் அது எப்படிக் கூறாக்கப்படுகிறது என்பதைக் காட்டும். எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் பொறியில் அனலைஸ் என்ற வசதி அதையே செய்யும். எஸ்கியூலைட் என்ற சிறு தரவுத்தளத்தின் முழுவாசகத் தேடலுக்கான எஃப்டிஎஸ்-5 பகுதியில் வோகேப் என்ற மெய்நிகர் அட்டவணையை உருவாக்கிக்கொண்டால், அடைவில் உண்மையில் எந்தெந்தச் சொற்கள் உட்கார்ந்திருக்கின்றன என்பதை வரிசையாகப் படிக்கலாம். தமிழ் வாசகங்களை அடைவாக்கியிருப்பவர் யாராக இருந்தாலும் இந்தப் பட்டியலை ஒருமுறையாவது படித்துப் பார்க்க வேண்டும். பலருக்கு அது அதிர்ச்சியாகவே இருக்கும்.

கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு

‘பொங்கல்’ கிடைக்காமற்போன நூலுக்குத் திரும்புவோம். எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடு முறையில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரையிலான 128 இடங்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. ஒகரக் குறிக்குத் தனியிடம் உண்டு, அதன் எண் 3018. அதே ஒகரத்தை ஒற்றைக்கொம்பும் காலும் சேர்த்து, அதாவது 3014, 3006 என்ற இரண்டு எண்களாகவும் எழுதலாம். ஓகாரமும் அப்படியே. 3019 என்று ஒரே எண்ணாகவோ, இரட்டைக்கொம்பும் காலுமாக 3015, 3006 என்று இரண்டாகவோ வரலாம். திரையில் இரண்டு வடிவங்களுக்கும் இம்மியளவும் வேறுபாடு இல்லை. கணினிக்கோ ‘பொங்கல்’ ஒரு வடிவில் ஏழு எண்கள், இன்னொரு வடிவில் எட்டு. அடைவில் அவை இரண்டு வெவ்வேறு சொற்களாகவே நிற்கும்.

யூனிகோடு விதிகள் இவ்விரு வடிவங்களும் சமம் என்றே கூறுகின்றன. அவற்றை ஒன்றாக்கும் முறைக்கு இயல்பாக்கம் என்று பெயர், அதில் என்எஃப்சி என்ற வகை பிரிந்த குறிகளைச் சேர்த்துவிடும். ஆனால் அந்த வேலையைத் தரவுத்தளம் தானாகச் செய்வதில்லை, யாராவது செய்யச் சொல்ல வேண்டும். போஸ்ட்கிரெஸில் அதற்கென்று நார்மலைஸ் என்ற செயற்கூறே 2020இல் வந்த 13ஆம் பதிப்பில்தான் சேர்ந்தது. பிரிந்த வடிவம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், பழைய மேக் கணினிகளின் எச்எஃப்எஸ்-பிளஸ் கோப்பு முறை கோப்புப் பெயர்களைப் பிரித்தே சேமித்து வந்தது. கோப்புப் பெயரிலிருந்து தலைப்பை எடுத்துக்கொள்ளும் பட்டியல்களுக்குள் அந்த வழியாக இது நுழைந்துவிடும். சில எழுத்துரு மாற்றிகளும் இதே வேலையைச் செய்கின்றன.

சந்தேகத்தைத் தீர்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட் எடுத்துக்கொள்ளும். ‘கொடி’ என்ற சொல் சேர்ந்த வடிவில் 12 பைட், பிரிந்த வடிவில் 15 பைட். ஒரே சொல்லைக் கொண்ட இரண்டு பதிவுகளின் பைட் நீளத்தைக் கேட்டுப் பார்த்து, அவை வேறுபட்டால் அங்கேயே விடை கிடைத்துவிடும்.

இயல்பாக்கத்தால் தீராத இரட்டை வடிவங்களும் இருக்கின்றன, உண்மையில் அவைதாம் தொல்லை மிகுந்தவை. ‘ஸ்ரீ’ என்பதைத் தொடக்கத்திலிருந்தே ஸகரம், புள்ளி, ரகரம், ஈகாரக் குறி என்று எழுதி வந்தோம். 2005இல் யூனிகோடின் 4.1ஆம் பதிப்பில் ‘ஶ’ என்ற எழுத்துக்குத் தனியிடம் கிடைத்தபின், அதை முதலெழுத்தாகக் கொண்ட இன்னொரு எழுத்துக்கோவையும் வழக்கத்துக்கு வந்தது. பெரும்பாலான எழுத்துருக்கள் இரண்டையும் ஒரே உருவத்தில் காட்டுகின்றன, ஆனால் யூனிகோடு இவற்றைச் சமம் என்று கருதவில்லை. ஸ்ரீரங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர் என்ற ஊர்ப்பெயர்களும் எண்ணற்ற ஆட்பெயர்களும் இந்தப் பிளவில் சிக்கிக்கொண்டிருக்கின்றன. ஔகாரத்தில் இன்னொரு சிக்கல். அதன் பின்பகுதிக் குறியும் ளகரமும் பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதால், ‘கௌரி’ என்று எழுத வேண்டிய இடத்தில் ககரம், ஒற்றைக்கொம்பு, ளகரம் என்று தட்டி ‘கெளரி’ ஆக்கிவிட்ட பதிவுகள் ஏராளம். அது எழுத்துப்பிழை, ஆனால் கண்ணால் பார்த்து எளிதில் பிடிக்க முடியாத பிழை. இப்படிப்பட்டவற்றுக்கு ஒரு மாற்றுப் பட்டியலைக் கையால் எழுதி, பதிவு நுழையும்போதும் தேடல் நுழையும்போதும் அதன் வழியாகவே செலுத்துவதைத் தவிர வேறு வழியில்லை.

கண்ணுக்கே தெரியாத குறிகளும் உண்டு. ‘க்ஷ’ என்பது கூட்டெழுத்தாகச் சேர்ந்துவிடாமல் தடுப்பதற்காகச் சிலர் இடும் 8204 என்ற அகலமற்ற பிரிப்புக்குறி, சொல் செயலிகளிலிருந்து ஒட்டி வரும் 160 என்ற பிரியா இடைவெளி, 173 என்ற மறைந்த இணைப்புக்கோடு ஆகியவை வாசகத்துக்குள் ஒட்டுண்ணிபோல் கிடக்கும். பிடிஎஃப் கோப்பிலிருந்து எடுத்த வாசகத்தில் சிக்கல் இன்னும் ஆழமானது. அங்கே எழுத்துகள் பலமுறை பார்வை வரிசையில் வருகின்றன, அதாவது கொம்பு முதலில், மெய்யெழுத்து அடுத்து, கால் கடைசியில். யூனிகோடு கேட்பது மெய் முதலில், குறி பின்னால். அந்த வரிசையைத் திருத்தாமல் அடைவாக்கிய பிடிஎஃப் களஞ்சியத்தில் கொம்பு வரும் ஒரு சொல்லும் சரியாகக் கிடைக்காது.

புள்ளியில் உடையும் சொற்கள்

இரண்டாவது பெரிய வகை, சொல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைத் தீர்மானிக்கும் டோக்கனைசரால் வருவது. ஆங்கிலத்தை மனத்தில் வைத்து எழுதிய பல டோக்கனைசர்களின் விதி எளியது. எழுத்தும் எண்ணும் சொல்லின் பகுதி, மற்றவை எல்லாம் பிரிப்பான்கள். யூனிகோடின் வகைப்பாட்டில் தமிழின் உயிரும் மெய்யும் எழுத்துகள், ஆனால் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் எழுத்துகள் அல்ல, ‘குறி’ என்ற தனி வகை. ஆகவே அந்த எளிய விதியின்படி ஒவ்வொரு குறியும் சொல்லை வெட்டும் கத்தியாகிவிடுகிறது. பைத்தான் மொழியின் வழக்கமான ஒழுங்குகோவை (regex) நிரல்தொகுப்பில் சொல்லெழுத்துகளைக் கேட்டால் ‘தமிழ்’ என்ற சொல் ‘தம’, ‘ழ’ என்று இரண்டு துண்டாகத் திரும்பி வருவதை யாரும் ஒரு வரி எழுதிச் சோதித்துக்கொள்ளலாம்.

எஸ்கியூலைட் எஃப்டிஎஸ்-5இன் இயல்புநிலை டோக்கனைசரும் இப்படித்தான் நடந்துகொள்கிறது. அதன் விளைவு கொஞ்சம் விசித்திரமானது, ஏனெனில் இங்கே சொல் கிடைக்காமற்போவதில்லை, தேவைக்கு மேல் கிடைக்கிறது. தேடலும் அதே கத்தியால் வெட்டப்படுவதால் இரண்டு வெட்டும் ஒத்துப்போய்விடுகின்றன. ஆனால் ‘கல்’, ‘கலை’, ‘கலி’ மூன்றும் ‘கல’ என்ற ஒரே துண்டாகின்றன. ‘காலை’, ‘கூலி’, ‘கேலி’ மூன்றும் ககரம் ஒன்று, லகரம் ஒன்று என்று அடுத்தடுத்த இரண்டு துண்டுகளாகின்றன. காலைத் தேடியவருக்குக் கூலியும் கேலியும் சேர்ந்தே வரும். கைப்பேசிச் செயலிகள் பலவற்றில் எஸ்கியூலைட்டே உள்ளே இருப்பதால், தமிழ்ச் செயலி ஒன்றில் தேடல் முடிவுகள் காரணமின்றிக் குழம்பிக் கிடந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டிய இடம் இது. தீர்வு ஒரே வரிதான். டோக்கனைசரின் அமைப்பில் எழுத்து, எண் வகைகளோடு எம்என் (இடம்பிடிக்காத குறி), எம்சி (இடம்பிடிக்கும் குறி) என்ற இரண்டு குறி வகைகளையும் சொல்லின் பகுதியாகச் சேர்த்துவிட வேண்டும். சேர்த்தபின் பழைய அடைவு செல்லாது என்பதால், மறுகட்டமைப்புக்கு இங்கே உண்மையான காரணம் இருக்கிறது.

மற்றவை இந்த விஷயத்தில் சற்றே முன்னே நிற்கின்றன. லூசீன் என்ற தேடல் நிரல்தொகுப்பின் பொது டோக்கனைசர் யூனிகோடின் சொல் எல்லை விதிகளைப் பின்பற்றுவதால் குறிகளை மெய்யோடு சேர்த்தே வைத்துக்கொள்கிறது, எலாஸ்டிக்சர்ச்சும் சோலரும் அதன்மேல் கட்டப்பட்டவை. போஸ்ட்கிரெஸின் மூலநிரலில், சொல்லை உடைக்கக் கூடாத குறிகள் என்று ஒரு பட்டியலே எழுதி வைத்திருக்கிறார்கள், அதில் தமிழ் உயிர்க்குறிகளும் இருக்கின்றன.

டோக்கனைசர் சரியாக இருந்தும் அதன் பின்னால் நிற்கும் வடிகட்டி கெடுப்பதுண்டு. ஐரோப்பிய மொழிகளில் எழுத்தின்மேல் வரும் குறிகளைக் களைந்துவிட்டால் தேடல் எளிதாகும் என்பதால், வாசகத்தைப் பிரித்து, எம்என் வகைக் குறிகளை நீக்கும் ஒரு துண்டு நிரல் நிரலாளர்களிடையே கைமாறி வருகிறது. தமிழில் அந்த வகையில் வருபவை மிகச் சில. அன்றாட எழுத்தில் புள்ளியும் ஈகாரக் குறியும் மட்டுமே. இகரக் குறி இடம்பிடிக்கும் குறி என்று வேறு வகையில் இருக்க, ஈகாரம் மட்டும் இடம்பிடிக்காத குறி என்று ஏன் வகைப்பட்டது என்பதற்கு எழுத்தின் மேல்சுழிதான் காரணமாக இருக்க வேண்டும். காரணம் எதுவானாலும் விளைவு இதுதான். அந்த நிரலின் வழியே போன ‘வீடு’ ‘வடு’ ஆகிறது, ‘கீரி’ ‘கரி’ ஆகிறது, ‘மீனம்’, ‘மனம்’ இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. ‘கிளி’யும் ‘மாடு’ம் பாதிப்பின்றித் தப்பிவிடுவதால், சோதனைக்கு அந்தச் சொற்களை எடுத்துக்கொண்ட நிரலாளர் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நம்பிவிடுவார்.

ஓரெழுத்து ஒருமொழிக்கு இடமில்லை

சொல்லடைவு வீங்கிவிடக் கூடாது என்பதற்காகக் குறுஞ்சொற்களைத் தவிர்க்கும் வழக்கம் உண்டு. மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் இன்னோடிபி பொறியில் முழுவாசக இண்டெக்ஸுக்குக் குறைந்தபட்சச் சொல் நீளம் இயல்பாக மூன்று, பழைய மைஐசாம் பொறியில் நான்கு. ஆங்கிலத்தில் மூன்றெழுத்துக்குக் குறைந்த சொற்கள் பெரும்பாலும் இடைச்சொற்கள், விட்டுவிட்டால் நட்டமில்லை. தமிழில் நிலைமை நேர்மாறு. பூ, தீ, கை, தை, ஈ, மை ஆகியவை முழுப்பொருள் தரும் பெயர்கள். நன்னூல் ஓரெழுத்து ஒருமொழிகள் நாற்பத்திரண்டு என்று எண்ணிச் சொல்கிறது. கணினி எண்ணுவது எழுத்தை அல்ல, யூனிகோடு குறிகளை. ‘பூ’ என்பது பகரமும் ஊகாரக் குறியுமாக இரண்டு, ‘ஈ’ ஒன்றே ஒன்று. ஆகவே சேர்ந்த வடிவில் எழுதிய நாற்பத்திரண்டும் மூன்று என்ற வரம்புக்குக் கீழே விழுந்து, அடைவில் ஏறாமலே போய்விடுகின்றன. இதில் ஒரு வேடிக்கை. முன்னே சொன்ன பிரிந்த வடிவில் ‘கோ’ என்று எழுதியிருந்தால் அது ககரம், இரட்டைக்கொம்பு, கால் என்று மூன்று குறிகளாகிவிடுவதால் வரம்பைத் தாண்டி உள்ளே வந்துவிடும். ஒரே அட்டவணையில் சில ‘கோ’க்கள் அடைவிலும் சில வெளியிலும் இருப்பதைப் பார்ப்பவர் குழம்பிப்போவதில் வியப்பில்லை. வரம்பை ஒன்றாகக் குறைக்கலாம். ஆனால் அந்த மாற்றம் தரவுத்தளத்தை மறுபடி தொடக்கி, இண்டெக்ஸையும் மறுபடி கட்டிய பிறகுதான் நடைமுறைக்கு வரும். அமைப்பை மாற்றிவிட்டு உடனே சோதித்துப் பார்த்து, மாற்றம் பயனளிக்கவில்லை என்று கைவிடுபவர்கள் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள்.

பழைய எழுத்துருக்களின் எச்சம்

யூனிகோடு பரவுவதற்கு முன் தட்டிய தமிழ் இன்னும் பல தரவுத்தளங்களில் அப்படியே இருக்கிறது. அவற்றில் தமிழ் என்பது எழுத்துருவில் மட்டுமே உண்டு, சேமிப்பில் இருப்பவை ஆங்கில எழுத்துகளும் நிறுத்தற்குறிகளுமே. இலங்கையில் பெருவழக்காக இருந்த பாமினி முறையில் ‘தமிழ்’ என்று தட்டினால் சேமிக்கப்படுவது நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். அந்த அரைப்புள்ளிதான் புள்ளி. டோக்கனைசர் அதை நிறுத்தற்குறி என்று எண்ணி வெட்டிவிடும். போதாக்குறைக்கு, பாமினியில் ஆங்கிலச் சிற்றெழுத்தும் பேரெழுத்தும் வெவ்வேறு தமிழ் எழுத்துகள். ககரம் சிற்றெழுத்தில் இருந்தால் ‘கு’ அதன் பேரெழுத்தில் இருக்கும். தேடல் மென்பொருள்களோ எல்லாவற்றையும் சிற்றெழுத்தாக்கியே அடைவில் ஏற்றுகின்றன. ‘க’வும் ‘கு’வும், ‘ம’வும் ‘மு’வும் அங்கே ஒன்றாகிவிடும். இத்தகைய தரவை எந்த அமைப்பாலும் சரிசெய்ய முடியாது, யூனிகோடுக்கு மாற்றுவது ஒன்றே வழி. மாற்றும்போது அட்டவணையின் ஒரே நெடுவரிசையில் பாதி பாமினியும் பாதி யூனிகோடுமாகக் கலந்து கிடக்கும் பதிவுகளைத் தனியே பிரித்தெடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஏற்கெனவே சரியாக இருந்தவையும் சேர்ந்து கெடும்.

விகுதியும் சந்தியும்

இதுவரை சொன்னவை கோளாறுகள். அடுத்து வருவது கோளாறே அல்ல, ஆனால் புகாராக வந்து சேர்வதில் இதற்கே முதலிடம். ‘மரம்’ என்று தேடினால் ‘மரத்தில்’, ‘மரங்களை’ என்பவை வருவதில்லை. ‘வீடு’ என்றால் ‘வீட்டில்’ வருவதில்லை. அடைவு தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது, அதற்குத் தமிழ் இலக்கணம் தெரியாது, அவ்வளவே. வல்லினம் மிகும் இடங்களில் ‘தமிழைக்’, ‘தமிழைப்’, ‘தமிழைத்’ என்று ஒரே சொல் மூன்று உருவில் அடைவில் ஏறுவதும் இதைச் சேர்ந்ததே.

முன்னொட்டுத் தேடல் இதைத் தீர்த்துவிடும் என்று எண்ணுபவர்கள் ஒரு நுட்பத்தைக் கவனிப்பதில்லை. ‘தமிழ்’ என்று தொடங்கும் சொற்களைக் கேட்டால் ‘தமிழ்நாடு’ வரும், ‘தமிழில்’ வராது. ஐந்தாவது இடத்தில் முன்னதற்குப் புள்ளி, பின்னதற்கு இகரக் குறி. இறுதிப் புள்ளியை நீக்கிவிட்டு முன்னொட்டாகக் கேட்டால் இரண்டும் வந்துவிடும். இந்தச் சிறு திருத்தத்தைத் தேடல் பெட்டிக்குப் பின்னால் வைத்துவிட்டாலே பாதிப் புகார்கள் குறையும் என்பது என் அனுபவம். முறையான வழி சொல்லின் வேரைக் கண்டெடுக்கும் பகுதி. போஸ்ட்கிரெஸில் தமிழுக்கான வேர்காண் அகராதி 2019இல் வந்த 12ஆம் பதிப்பிலும், லூசீனில் தமிழ்ப் பகுப்பான் 2021இல் வந்த 9.0 பதிப்பிலும் சேர்ந்தன. ஆனால் இங்கேயும் பழைய விதி தலைகாட்டும். அடைவை, வேர் காணாத ‘சிம்பிள்’ என்ற அமைப்பில் கட்டிவிட்டுத் தேடலை ‘தமிழ்’ என்ற அமைப்பில் கேட்டால், வேராகச் சுருங்கிய சொல் சுருங்காத சொற்களின் பட்டியலில் தன்னைத் தேடிக்கொண்டிருக்கும்.

வரிசையே மாறிப்போனால்

பி-ட்ரீ வகையின் பழுது வேறு. அதற்குச் சொற்களை வெட்டத் தெரிய வேண்டியதில்லை, எது முன், எது பின் என்பது மாறாமல் இருந்தால் போதும். லினக்சில் அந்த வரிசை விதிகளைத் தருவது ஜிலிப்சி என்ற அடிப்படை நிரல்தொகுப்பு. 2018 ஆகஸ்டில் வந்த அதன் 2.28 பதிப்பில் வரிசை விதிகள் பெருமளவில் மாறின. 11 என்ற சரமும் 1-1 என்ற சரமும் எடுத்துக்காட்டு. பழைய பதிப்பில் 11 முன்னால் வரும், புதியதில் 1-1 முன்னால் வரும். இயங்குதளத்தை டெபியன் 10க்கோ ரெட்ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 8க்கோ உயர்த்தியவர்கள், தரவுத்தளக் கோப்புகளை அப்படியே எடுத்துச் சென்றபோது, பழைய வரிசையில் அடுக்கிய இண்டெக்ஸைப் புதிய வரிசை என்று நம்பி போஸ்ட்கிரெஸ் படிக்கத் தொடங்கியது. பாதிக்கு மேல் என்று எண்ணி வலப்பக்கம் போனால், தேடும் மதிப்பு இடப்பக்கத்தில் இருக்கும். இருக்கும் பதிவு இல்லை என்று விடை வரும். அதைவிட மோசமாக, தனித்தன்மை வேண்டும் என்று கட்டுப்படுத்திய நெடுவரிசையில் ஒரே மதிப்பு இரண்டாவது முறையும் ஏறிவிடும், ஏனெனில் முதலாவது கண்ணில் படவில்லை. இணைப்புக்கோடு கலந்த வகைப்பாட்டு எண்களை வைத்திருக்கும் நூலகப் பட்டியல்கள் இதற்கு எளிதான இரை.

இதைக் கண்டறிய ஒரு நேரடிச் சோதனை இருக்கிறது. இண்டெக்ஸைப் பயன்படுத்த விடாமல் தடுத்துவிட்டு, அட்டவணையை முழுக்கப் படித்து அதே கேள்வியைக் கேட்க வேண்டும். விடைகள் வேறுபட்டால் இண்டெக்ஸ் பொய் சொல்கிறது. 2017இல் வந்த 10ஆம் பதிப்பிலிருந்து போஸ்ட்கிரெஸோடு வரும் ஏஎம்செக் என்ற நீட்சி, பி-ட்ரீயின் வரிசை குலைந்திருக்கிறதா என்பதை முறையாகச் சரிபார்க்கிறது. மறுகட்டமைப்பு இங்கே கட்டாயம்தான். ஆனால் இரட்டைப் பதிவுகள் ஏறியிருந்தால் தனித்தன்மை இண்டெக்ஸ் மறுபடி கட்டப்பட மறுக்கும். எந்தப் பதிவு சரியானது என்று மனிதர் உட்கார்ந்து தீர்மானித்த பிறகே அது நடக்கும்.

அடைவுக்கு வந்தே சேராத பதிவுகள்

மிகச் சாதாரணமான காரணங்களைக் கடைசியில் சொல்வது சற்று நியாயமற்றதுதான், ஏனெனில் நடைமுறையில் முதலில் பார்க்க வேண்டியவை இவை. தரவுத்தளம் ஓரிடத்திலும் தேடல் பொறி வேறிடத்திலும் இருக்கும் அமைப்புகளில், இடையே ஓடும் ஒத்திசைவு நிரல் நின்றுபோயிருக்கலாம். இரு பக்கமும் மொத்தப் பதிவுகளை எண்ணிப் பார்த்தாலே இது தெரிந்துவிடும். எலாஸ்டிக்சர்ச்சில் புதிய பதிவு உடனே தேடலுக்கு வராது, இயல்பாக ஒரு நொடி இடைவெளி உண்டு, தானியங்கிச் சோதனைகள் அடிக்கடி தோற்பது இதனால். வட்டு 95 விழுக்காடு நிரம்பிவிட்டால் அது இண்டெக்ஸைப் படிக்க மட்டும் என்று பூட்டிவிடும். பழைய பதிவுகள் வழக்கம்போல் கிடைத்துக்கொண்டிருக்க, புதியவை மட்டும் வராமல் நிற்கும், தேடல் பக்கத்தை மட்டும் பார்ப்பவருக்கு இதன் அறிகுறியே தெரியாது. அமைப்பு எதையும் சொல்லாமல் வாசகத்தை உள்ளே விட்டால் உருவாகும், முழு மதிப்பையும் வெட்டாமல் வைக்கும் கீவேர்டு புலத்தில் 256 எழுத்தைத் தாண்டிய மதிப்புகள் அடைவில் ஏறுவதில்லை. உயிர்மெய் எழுத்துகளில் பெரும்பாலானவை இரண்டு குறிகளாக எண்ணப்படுவதால் தமிழ்த் தலைப்பு அந்த எல்லையை நாம் எண்ணுவதைவிட முன்னதாகவே எட்டிவிடும்.

போஸ்ட்கிரெஸில் இன்னொரு வகை உண்டு. பணியை நிறுத்தாமல் இண்டெக்ஸ் கட்டும் முறையில் இடையில் தடங்கல் நேர்ந்தால், செல்லாத இண்டெக்ஸ் ஒன்று பெயரளவில் மிஞ்சிக் கிடக்கும். பட்டியலில் பார்த்தால் இருக்கிறது என்றே தோன்றும், தேடலுக்கு அது பயன்படாது, ஆனால் ஒவ்வொரு பதிவும் அதற்காகவும் நேரம் செலவழிக்கும். கணினி அட்டவணையில் அதன் செல்லுபடி நிலையைக் கேட்டறிந்து நீக்கிவிட வேண்டும்.

இவையெல்லாம் பார்த்த பிறகு மறுகட்டமைப்புதான் வழி என்று முடிவானால், பழையதை அழிக்காமல் அதன் பக்கத்திலேயே புதியதைக் கட்டுவது நல்லது. எலாஸ்டிக்சர்ச்சில் மாற்றுப்பெயர் வசதியைக் கொண்டு ஒரே நொடியில் பயனர்களைப் புதியதற்குத் திருப்பிவிடலாம். போஸ்ட்கிரெஸின் 12ஆம் பதிப்பிலிருந்து பணியை நிறுத்தாமலே இண்டெக்ஸை மறுபடி கட்டலாம். திருப்பிவிடுவதற்கு முன், இரண்டிலும் ஒரே சொற்பட்டியலைத் தேடி எண்ணிக்கைகளை ஒப்பிட வேண்டும். அந்தப் பட்டியலில் ‘பூ’ இருக்க வேண்டும், ‘மீனம்’, ‘மனம்’ இரண்டும் இருக்க வேண்டும், ‘காலை’, ‘கூலி’ இருக்க வேண்டும், ‘ஸ்ரீ’ இரண்டு வடிவிலும், ‘பொங்கல்’ ஏழு குறிகளாகவும் எட்டு குறிகளாகவும் இருக்க வேண்டும். பொங்கலின் இரு வடிவத்துக்கும் பதின்மூன்று என்றே விடை வந்தால் பழைய அடைவை நீக்கிவிடலாம்.